கடலடி ஓடுகளில் பழைய கடலைப் படிப்பது: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளை அளந்து பழைய கடலின் வெப்பத்தையும் பனியையும் கண்டறியும் இந்தத் துறைக்குள் வரும் மாணவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது இயந்திரத்தைப் பற்றித்தான். என்ன மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி), எவ்வளவு துல்லியம், ஒரு நாளில் எத்தனை மாதிரி ஓடும். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆறு மாத உழைப்பு வீணாவது பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. சல்லடையில், தூரிகை நுனியில், எந்த இனத்தின் ஓட்டை எடுக்கிறோம் என்பதில்தான் வீணாகிறது. அதனால் இங்கேயும் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

எதை அளக்கிறோம்?

ஃபோராமினிஃபெரா, பேச்சில் ஃபோராம், ஒரே செல்லால் ஆன கடலுயிர். நாம் பார்க்கப் போகிறவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கால்சியம் கார்பனேட்டால் ஓடு கட்டிக்கொள்ளும். சில இனங்கள் மேல்நீரில் மிதக்கும், சில கடலடிச் சேற்றின் மேலும் உள்ளும் வாழும். செத்த பிறகு எல்லாம் அடியில்தான் சேரும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில் சேறு படிகிறது. அந்தச் சேற்றுக்குள்தான் நமக்கு வேண்டிய பதிவு கிடக்கிறது.

ஆக்சிஜன் அணுக்களில் 99.76 சதவீதம் நிறை எண் 16 உள்ளவை. 18 உள்ளவை சுமார் 0.2 சதவீதம். குளிர்ந்த நீரில் கட்டப்படும் ஓட்டில் 18 சற்றுக் கூடுதலாகச் சேரும். ஒரு டிகிரி குளிர்ந்தால் கூடுவது 0.22 முதல் 0.25 பெர்மில் வரை. பெர்மில் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் கால்தான் இது. ஒரு தரப்பொருளின் 18/16 விகிதத்திலிருந்து நம் மாதிரியின் விகிதம் எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் டெல்டா மதிப்பு என்கிறோம். கார்பனேட்டுக்கு அந்தத் தரப்பொருள், அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ பாறையடுக்கில் கிடைத்த பெலெம்னைட் என்ற புதைபடிவம். அசல் பொருள் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது வி-பிடிபி என்ற பெயரில் அளவுகோல் மட்டும் நிற்கிறது.

இந்த யோசனை 1947இல் ஹரால்டு யூரேயிடமிருந்து வந்தது. அவருடைய சிகாகோ ஆய்வகத்தில் பயின்ற செசாரே எமிலியானி 1955இல், கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்று உருளைகளில் அளந்து, பனியுகங்களின் வரிசையைக் காட்டினார். அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வெப்பநிலை மாற்றம் என்று அவர் எண்ணினார். 1967இல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் அதைத் திருப்பிப் போட்டார். அவர் எடுத்துக்கொண்டது அடிக்கடலில் வாழும் ஃபோராம்கள். ஆழ்கடல் நீர் இன்றே சுமார் இரண்டு டிகிரிதான். உப்பு நீர் உறைவது மைனஸ் 1.9இல். ஆக, இன்னும் ஐந்தாறு டிகிரி குளிர அங்கே இடமே இல்லை. அப்படியிருந்தும் மேல்நீர் ஓடுகளில் இருந்த அதே அளவு மாற்றம் அடிநீர் ஓடுகளிலும் இருந்தது. மாறியது நீரின் வெப்பம் மட்டுமல்ல, நீரேதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

நீர் எப்படி மாறும்? கடலிலிருந்து ஆவியாகும்போது 16 உள்ள நீர் முந்திக்கொண்டு கிளம்பும். மேகம் துருவத்தை நோக்கிப் போகும் வழியில் 18 உள்ளது மழையாக முதலில் இறங்கிவிடும். கடைசியில் துருவத்தில் பனியாக விழுவதில் 16தான் மிகுதி. அது கண்டப் பனிப்பாளங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தால், மிச்சக் கடலில் 18 கூடிவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்நீர் இன்றைவிட ஏறக்குறைய 1 பெர்மில் கனமாக இருந்தது. கடல்மட்டம் 120 முதல் 130 மீட்டர் வரை கீழே போயிருந்தது.

இனி நீங்கள் செய்யும் ஒவ்வொன்றிலும் மறக்கக் கூடாதது இதுதான்: ஓட்டில் கிடைப்பது ஒரே எண். அதற்குள் வெப்பநிலை, உலகப் பனியின் அளவு, அந்த இடத்து மழை, ஆறு, ஆவியாதல் எல்லாம் கூடிக் கிடக்கின்றன. போதாததற்கு அந்த உயிரின் சொந்தக் குணமும் உண்டு. கடைசியானதைக் கையாலேயே அடக்கலாம். மற்றவற்றைக் கணக்கில்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வியும் உருளையும்

உலகப் பனி அளவு வேண்டுமா, ஆழ்நீரின் வெப்பம் வேண்டுமா, பருவமழை வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் மாதிரி கேட்டு எழுதாதீர்கள். பனி அளவுக்கு ஆழ்கடல் அடிவாழ் ஃபோராம் வேண்டும். பருவமழைக்கு மேல்நீர் ஃபோராம் வேண்டும், அதுவும் ஆற்று நீர் வந்து கலக்கும் கடலிலிருந்து.

நமக்குப் பக்கத்திலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் தெற்கே கடலடியில் வடக்குத் தெற்காக ஓடும் தொண்ணூறு கிழக்கு மலைமுகட்டின் மேல், சர்வதேசக் கடலடித் துளையிடும் திட்டத்தின் 353ஆம் பயணம் 2014-15இல் யு1443 என்ற இடத்தில் துளையிட்டது. ஆழம் சுமார் 2,900 மீட்டர். அதே பயணம் வடக்கே மகாநதிப் படுகையை ஒட்டி யு1446இலும் உருளை எடுத்தது. முகட்டின் மேல் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அந்த உயரத்துக்கு ஏறாது. ஓடுகளும் கரையாமல் கிடைக்கும். மிக ஆழத்தில் கடல்நீர் கார்பனேட்டைக் கரைத்துவிடும். பசிபிக்கின் பல பகுதிகளில் நான்கரை கிலோமீட்டருக்குக் கீழே போனால் வெறும் களிமண்தான் மிஞ்சும். எனவே உருளையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஆழத்தைப் பாருங்கள்.

353ஆம் பயணத்தின் உருளைகள் ஜப்பானின் கோச்சி உருளை மையத்தில் இருக்கின்றன. ஆய்வுக்கு எழுதிக் கேட்டு மாதிரி வாங்கலாம். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். துளையிடும் குழாய் ஒவ்வொரு முறையும் சுமார் ஒன்பதரை மீட்டர் உருளையை மேலே கொண்டுவரும். இரண்டு உருளைகளுக்கு இடையே கொஞ்சம் சேறு விட்டுப்போகும். அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, ஒன்றின் இடைவெளியை இன்னொன்றால் நிரப்பி ஒரே தொடராக ஒட்டுகிறார்கள். மாதிரிப் பட்டியல் அந்த ஒட்டிய ஆழத்தில்தான் இருக்க வேண்டும். தனித் துளையின் ஆழத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், இல்லாத இடைவெளியும் இரட்டிப்பான பகுதியும் உங்கள் வரைபடத்தில் காலநிலை மாற்றம் போல வந்து உட்காரும்.

எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி? ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் படியும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 ஆண்டு. அதற்கும் கீழே நுணுகிப் போவதில் பயனில்லை. புழுக்களும் பிற அடிவாழ் உயிர்களும் மேல் பத்து சென்டிமீட்டரைக் கிளறிக்கொண்டே இருக்கும். நூறு ஆண்டு வறட்சி ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால், வேகமாக வண்டல் படியும் கரையோர உருளைக்குப் போங்கள்.

கழுவுதல்

மாதிரி 10 முதல் 20 கன சென்டிமீட்டர் இருந்தால் போதும். முதலில் உலர்த்தி எடை போடுங்கள். அப்புறம் நீரில் ஊறவைத்து, மெதுவாக ஆட்டிச் சேற்றைப் பிரித்து, 63 மைக்ரான் சல்லடையில் மென்மையான நீர்த்தூறலில் கழுவ வேண்டும். களிமண் போய்விடும், ஓடுகள் நிற்கும்.

காய்ச்சி வடித்த நீர்தான் சுத்தம் என்று நினைத்து மாதிரியை அதில் இரவு முழுக்க ஊறவிடுபவர்கள் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நீர் லேசாக அமிலமாகிவிடும். மெல்லிய ஓடுகள் அரிக்கப்படும். சில துளி அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மையில் வைத்தால் கவலை இல்லை. உலர்த்துவது 50 டிகிரிக்குள் இருக்கட்டும்.

சல்லடையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். என் முதல் மாதத்தில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே சல்லடையை வெறும் நீரில் அலசிவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பனியுக மாதிரி ஒன்றில் வெப்பக் காலத்து மதிப்பு வந்தது. இரண்டு வாரம் அதற்கு விளக்கம் தேடி அலைந்தேன், கிட்டத்தட்ட ஒரு கோட்பாடே தயாராகிவிட்டது! கடைசியில் பார்த்தால் முந்தைய மாதிரியின் ஓடுகள் கம்பி வலையில் சிக்கியிருந்திருக்கின்றன. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். அங்கே ஒட்டியிருந்த ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓட்டைக் கண்டால் அது அந்நியன், எடுத்துப் போட்டுவிடலாம்.

கழுவி உலர்த்தியதை மறுபடி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சேற்றில் எத்தனை சதவீதம் ஓடு என்ற அந்தக் கணக்கு, ஓடுகள் கரைந்திருக்கின்றனவா என்பதற்குப் பின்னால் சாட்சி சொல்லும்.

யாரைப் பொறுக்குவது?

எல்லா இனத்தையும் கலந்து அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. ஒவ்வோர் இனமும் வேறு ஆழத்தில், வேறு பருவத்தில் வாழ்ந்தது. ஒரே இனம், ஒரே அளவு, தொடர் முழுவதும் அதே. விதி இவ்வளவுதான்.

வெப்பமண்டல மேல்நீருக்கு எல்லோரும் முதலில் கை வைப்பது குளோபிஜெரினாய்டெஸ் ரூபர். கடைசிச் சுற்றில் மூன்று உருண்டை அறைகள், பிரதான வாய் போக முதுகுப் பக்கத்தில் இரண்டு சிறு வாய்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு என்று இரண்டு நிறம். வெள்ளையைத்தான் எடுக்கிறோம். இளஞ்சிவப்பு ரூபர் இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. ஆகவே நம் பக்கத்து உருளையில் இளஞ்சிவப்பு தட்டுப்பட ஆரம்பித்தால் எந்தக் காலத்துக்கு வந்துவிட்டோம் என்று இயந்திரமே இல்லாமல் ஒரு கணிப்பு கிடைத்துவிடும்.

அடிவாழ் இனங்களில் இரண்டு பேர் முக்கியம். சிபிசிடாய்டெஸ் வுல்லர்ஸ்டார்ஃபி ஒரு பக்கம் தட்டையாக, வளைந்த கோடுகளுடன் இருக்கும். சேற்றின் மேல் வாழ்வது. யூவிஜெரினா பெரெக்ரினா நீண்டு, நெடுக்கு வரம்புகளுடன் சின்னச் சோளக்கதிர் போல இருக்கும். இது சேற்றுக்குள் வாழ்வது. ஒரே உருளையில், ஒரே ஆழத்தில் எடுத்தாலும் சிபிசிடாய்டெஸ் மதிப்பு யூவிஜெரினாவைவிடச் சுமார் 0.64 பெர்மில் குறைவாக இருக்கும். எனவே இரண்டையும் கலந்து ஒரே கோடாக வரைய வேண்டி வந்தால் சிபிசிடாய்டெஸுக்கு 0.64 கூட்டுவது வழக்கம். எந்த மாதிரியில் எந்த இனம் என்று குறித்துவைக்காதவர்கள் பிறகு தவிப்பது இங்கேதான். எது கடல்நீருடன் உண்மையான சமநிலையில் ஓடு கட்டுகிறது என்பதில் கருத்து மாறியிருக்கிறது. முன்பு யூவிஜெரினா என்றார்கள், பிந்தைய ஆய்வுகள் சிபிசிடாய்டெஸ் பக்கம் சாய்கின்றன. புதிதாக வருபவர் அதில் தலையிட வேண்டாம். ஒரே அளவுகோலில் நின்றால் போதும்.

அளவு ஏன் முக்கியம்? ரூபர் போன்றவற்றின் உடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகள் குடியிருக்கின்றன. ஓட்டின் மதிப்பை அவை மாற்றும், உயிர் வளர வளர அந்த மாற்றமும் வேறுபடும். 250 முதல் 355 மைக்ரானுக்குள் ஒரு குறுகிய வீச்சை எடுத்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

பொறுக்குதல்

கட்டம் போட்ட கறுப்புத் தட்டு, இருகண் நுண்ணோக்கி, 000 எண் தூரிகை, நல்ல நாற்காலி. கடைசியைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிய கைகளுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும். கண் எதைத் தேடுகிறது என்று மனம் யோசிக்காமலே கை போகும் நிலை வர மூன்று நான்கு வாரம் ஆகும். தூரிகையை நீரில் நனைத்துத் தொட்டால் ஓடு ஒட்டிக்கொள்ளும். நாக்கில் நனைக்கும் பழைய ஆட்கள் உண்டு, பின்பற்றாதீர்கள்.

ஆழ்கடல் மாதிரி கிடைக்கும்வரை பழக வேண்டுமா? மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஒரு கைப்பிடி எடுத்து, கழுவி நுண்ணோக்கியில் பாருங்கள். அம்மோனியா, எல்ஃபிடியம் போன்ற கரையோர ஃபோராம்கள் கிடைக்கும். (மேலே சொன்ன அம்மோனியா வேறு, இது ஒரு பேரினத்தின் பெயர்.) பழைய கடலைப் பற்றி அவை நமக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி, அவ்வளவுதான்.

மேல்நீர் இனம் என்றால் எட்டு முதல் பதினைந்து ஓடு, அடிவாழ் இனம் என்றால் இரண்டு முதல் ஐந்து. ஒரே ஒரு ஓட்டை அளந்தால் அது வாழ்ந்த சில வாரங்களின் கடல்தான் கிடைக்கும், பல நூறு ஆண்டுகளின் சராசரி கிடைக்காது.

பொறுக்கும்போதே ஓட்டின் தோற்றத்தைப் பாருங்கள். நல்ல ஓடு கண்ணாடி போல ஒளி ஊடுருவும். சுண்ணக்கட்டி போல வெளுத்து, சர்க்கரை பூத்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். சேற்றுக்குள் கிடந்தபோது அது மறுபடிகமாகியிருக்கலாம். அந்தப் புதுப் படிகம் உருவானது குளிர்ந்த கடலடியில். அதனால் மேல்நீர் ஓடு அடிநீரின் குளிரைக் காட்டும். சில கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பமண்டலக் கடல் இன்றைவிடக் குளிர்ந்திருந்தது என்று வெகுகாலம் குழம்பியதற்கு இது ஒரு காரணம். தான்சானியாவின் களிமண்ணில் கண்ணாடி போல் காக்கப்பட்ட ஓடுகளை 2001இல் அளந்து காட்டிய பிறகுதான் அந்தக் குளிர் பொய்க்குளிர் என்று புரிந்தது. வேறு எந்தப் பாடத்தையும்விட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இயந்திரம் எல்லாவற்றையும் துல்லியமாகவே அளந்திருந்தது!

பிறகு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஓட்டை மெதுவாக உடைத்து, மெத்தனாலில் சில நொடி அல்ட்ராசோனிக் அதிர்வு கொடுத்தால் உள்ளே அடைந்த களிமண் வெளியே வரும். அதிக நேரம் விட்டால் ஓடே பொடியாகிவிடும்.

இயந்திரத்தில்

கிளிஞ்சலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்குமே, அதே கதைதான். 70 டிகிரியில் பாஸ்பாரிக் அமிலம் ஓட்டைக் கரைக்கும், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை இயந்திரம் 44, 45, 46 என்ற நிறைகளாகப் பிரித்து எண்ணும். சில பத்து மைக்ரோகிராம் ஓடு போதும். கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு வேறு நிறை எண் அணுக்கள்) மதிப்பும் கூடவே வந்துவிடும், செலவில்லாமல்.

நீங்கள் பார்க்க வேண்டியது தரப்பொருள்கள். என்பிஎஸ்-19 என்ற பொருளின் மதிப்பு மைனஸ் 2.20. அது தீர்ந்துவிட்டதால் இப்போது ஐஏஇஏ-603, மைனஸ் 2.37. ஒவ்வொரு ஓட்டத்திலும் மாதிரிகளுக்கு நடுநடுவே தரப்பொருளும் போக வேண்டும். அதன் சிதறல் 0.08 பெர்மிலுக்குள் இருந்தால் நல்லது. பத்தில் ஒரு மாதிரியை மறுபடி அளந்து பாருங்கள்.

காலம்

அண்மைய 50,000 ஆண்டுகளுக்கு அதே ஓடுகளில் ரேடியோகார்பன் எடுக்கலாம். கடல்நீருக்கே சுமார் 400 ஆண்டு மூப்பு இருப்பதால் அதைக் கழிக்க வேண்டும், சில கடல்களில் அது இன்னும் கூடும். அதற்கு அப்பால் வேறு கைப்பிடிகள் வேண்டும். நம் பக்கத்தில் ஒன்று வலுவாக இருக்கிறது: சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த சாம்பல். வங்காள விரிகுடா உருளைகளில் அந்த அடுக்கைக் காணலாம். இன்னும் கீழே போனால், பூமியின் காந்தப்புலம் தலைகீழான எல்லை, சுமார் 7,73,000 ஆண்டு.

நடுவே உள்ளதை நிரப்ப, உங்கள் அடிவாழ் ஓடுகளின் டெல்டா வளைவை எல்ஆர்04 என்ற பொது வளைவோடு பொருத்துவார்கள். 2005இல் லிசியெக்கியும் ரேமோவும் உலகின் 57 அடிவாழ் பதிவுகளை அடுக்கிச் செய்தது அது, 53 லட்சம் ஆண்டு வரை போகும். இலவசமாகக் கிடைக்கிறது. வளைவின் ஏற்ற இறக்கங்களை இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள கட்டங்கள் வெப்பக் காலம், இரட்டைப்படை குளிர்க் காலம். மூன்றாம் கட்டம் மட்டும் இந்த விதிக்குள் ஒழுங்காக உட்காராது, பழைய பெயரிடலின் எச்சம். ஒரு எச்சரிக்கை: வளைவைப் பொருத்தித்தான் காலம் கண்டீர்கள் என்றால், 'என் கடல் உலகத்தோடு ஒரே நேரத்தில் மாறியது' என்று அதே வளைவை வைத்து எழுதாதீர்கள். அதை நீங்களேதான் அப்படி மாற்றி வைத்தீர்கள்.

வரைபடத்தில் டெல்டா அச்சைத் தலைகீழாகப் போடுவது மரபு. சிறிய எண் மேலே, அதாவது வெப்பம் மேலே.

எண்ணைப் பிரிப்பது

வெப்பநிலைக்குப் பல சமன்பாடுகள் உண்டு. ஷேக்கிள்டன் 1974இல் தந்தது இது:

வெப்பநிலை = 16.9 − 4.38 × (ஓடு − நீர்) + 0.10 × (ஓடு − நீர்)²

கடல்நீரின் மதிப்பு வேறு அளவுகோலில், வி-ஸ்மோவில் இருக்கும். அதிலிருந்து 0.27ஐக் கழித்த பிறகே இங்கே போட வேண்டும். இதை மறந்தால் ஒரு டிகிரிக்கு மேல் தவறும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. ஓடு மைனஸ் 2.6, நீர் 0.17 என்று வைப்போம். 0.27 கழித்தால் நீர் மைனஸ் 0.1. வித்தியாசம் மைனஸ் 2.5. விடை 28.5 டிகிரி. சரி, அதே ஓடு, ஆனால் மழை கூடி நீர் 0.17இலிருந்து மைனஸ் 0.3 (0.27 கழித்தால் மைனஸ் 0.57) ஆகியிருந்தால்? விடை 26.2. ஓட்டில் ஒன்றும் மாறவில்லை, நீரைப் பற்றிய நம் ஊகம்தான் மாறியது. இரண்டு டிகிரிக்கு மேல் போய்விட்டது. வங்காள விரிகுடா போல ஆறுகள் கொட்டும் கடலில் ஓட்டை மட்டும் வைத்து வெப்பநிலை சொல்ல முடியாது என்பது இதனால்தான். அங்கே அதே இனத்தின் ஓடுகளில் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தையும் அளப்பார்கள். அது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். வெப்பத்தை அதிலிருந்து எடுத்து, சமன்பாட்டில் நீரைத் தெரியாததாக வைத்துத் தீர்த்து, உலகப் பனியின் பங்கையும் கழித்தால், மிஞ்சுவது மழையும் ஆறும் ஆவியாதலும்.

ஆழ்கடலில் கணக்கு கொஞ்சம் எளிது. எல்ஆர்04இல் இன்றைய மதிப்பு சுமார் 3.2, பனி உச்சத்தில் சுமார் 5.0. வித்தியாசம் 1.8. அதில் 1.0 பனிப்பாளத்துக்குப் போனால் மிச்சம் 0.8, அது மூன்று டிகிரிக்குச் சற்று மேல் குளிர்ச்சி. தோராயம்தான். ஒவ்வொரு கடற்படுகையிலும் பங்கு மாறும்.

பிழையையும் இப்படியே படிக்க வேண்டும். இயந்திரத்தின் 0.08 பெர்மில் என்பது மூன்றில் ஒரு டிகிரி. நீரைப் பற்றிய ஊகத்தின் பிழை அதைப் போல் பல மடங்கு. முதலில் சொன்னதை மட்டும் வரைபடத்தின் பிழைக்கோட்டில் காட்டாமல் இரண்டாவதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

முடித்த பிறகு தரவை பங்கேயா என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலோ, அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவாவின் பழங்காலநிலைக் களஞ்சியத்திலோ போடுங்கள். இனம், அளவு வீச்சு, ஒட்டிய ஆழம், தரப்பொருள், திருத்தம் செய்யாத மூல எண் எல்லாம் சேர்த்து. மிச்ச ஓடுகளை அறுபது கட்டச் சிலைடில் ஒட்டி, இனமும் ஆழமும் பென்சிலில் எழுதி வையுங்கள். பேனா மை சில வருடத்தில் மங்கிவிடும்.